கையால் செய்வது கருத்தில் நிற்க என்ன செய்யலாம்? (ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை)

கேள்வி: வெட்டாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் வெட்டாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து வகுப்பு வாரியாக அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளின்படி குழந்தைகளை அமர்த்திப் பாடம் நடத்தி வருகிறோம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், படைப்பு வேலை என்று பிள்ளைகள் உற்சாகமாகவே இருக்கிறார்கள். பள்ளிக்கு வர அழும் குழந்தை எங்களிடம் இப்போது இல்லை என்றே சொல்லலாம்.

என் கவலை வேறு. சென்ற வாரம் ஏழு என்ற எண்ணை அறிமுகப்படுத்தினேன். சார்ட்டில் பெரிதாக எழுதிய எண்ணின் மேல் பசை தடவி நெல்மணிகளை ஒட்டினார்கள். தரையில் போட்ட வட்டங்களுக்குள் புளியங்கொட்டைகளை அடுக்கினார்கள். ஏழு பறவைகளைப் பற்றிய பாட்டைக் கையசைத்துப் பாடினார்கள். அறை முழுதும் கலகலப்பாக இருந்தது. மறுநாள் காலை, முந்தைய நாள் எல்லோரையும்விட அழகாக நெல் ஒட்டிய சிறுமியிடம், “ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு” என்றேன். டப்பாவுக்குள் கைவிட்டு, வந்ததை அப்படியே அள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு இருபது வரை ஒப்பிக்கத் தெரியும்.

அந்தச் சிறுமி மட்டுமல்ல, வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேரின் நிலை இதுதான். செயல்பாட்டின்போது இருக்கும் ஆர்வம், அது முடிந்தபின் அறிவாக ஏன் தங்குவதில்லை? இன்னும் அதிகமான செயல்பாடுகள் தேவையா, அல்லது நான் செய்யும் விதத்தில் ஏதேனும் விடுபடுகிறதா? நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களை வைத்து, மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒருசேர ஈடுபடுத்தக்கூடிய வழிகளை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: மன்னை ஓய்வாசிரியர்

அம்மா, வணக்கம். செயல்பாடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் குறைத்துவிடுங்கள்.

நீங்கள் விவரித்த வகுப்பில் குழந்தைகளின் கைக்கு நிறைய வேலை இருந்தது. அவர்கள் தாமாக முடிவெடுக்க வேண்டிய இடம் எங்கும் இல்லை. எண்ணின் வடிவத்தை நீங்கள் வரைந்து கொடுத்துவிட்டீர்கள், அதன்மேல் நெல்லை ஒட்டுவதற்கு ஏழு என்றால் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழு வட்டங்களையும் நீங்களே போட்டுவிட்டீர்கள், வட்டத்துக்கு ஒரு கொட்டை வைப்பவன் எண்ணவே தேவையில்லை. எந்தக் குழந்தையும் தவறு செய்ய வாய்ப்பில்லாதபடி அமைந்த வேலையில் எந்தக் குழந்தையும் சிந்தித்திருக்க வாய்ப்பில்லை என்பது என் நெடுநாளைய கருத்து. மறுநாள் நீங்கள் கேட்ட “ஏழு எடுத்துக் கொடு” என்பதுதான் உண்மையில் அந்தப் பாடத்தின் முதல் செயல்பாடு. ஒப்பிப்பது ஒரு திறன். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த அளவைக் குறிக்கிறது என்று உணர்வது வேறொரு திறன். நான்கு, ஐந்து வயதில் இவ்விரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பது இயல்பே. ஆகவே அந்தச் சிறுமியைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

நான் கடைப்பிடித்த முறை இதுதான். பொருளைத் தொடுவதற்கு முன் குழந்தை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது சரியாகவும் போகலாம், தவறாகவும் போகலாம். தொட்டு முடித்த பின், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே வருவதற்குத்தான் செயல்பாடு என்று பெயர்.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விதைநெல் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசலில் முட்டை மிதக்கவிடும் பழக்கம் உங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளிலாவது இருக்கும். ஒரு வாளித் தண்ணீர், வேதாரண்யத்துக் கல்லுப்பு தேவையான அளவு, ஒரு புதிய முட்டை, தூற்றாத நெல் இரண்டு படி ஆகியவை போதும். வாளியை நடுவில் வைத்து, முட்டையைக் கையில் பிடித்தபடி, “இது மிதக்குமா, மூழ்குமா?” என்று கேளுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மிதக்கும் என்பவர்களை ஒரு பக்கமும் மூழ்கும் என்பவர்களை மறுபக்கமும் நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று பேரிடம் காரணம் கேளுங்கள். “முட்டை கனம் டீச்சர்” என்பான் ஒருவன். “அது உருண்டையா இருக்கு, அதனால மிதக்கும்” என்பாள் ஒருத்தி. எதையும் திருத்த வேண்டாம். முட்டையை விட்டால் அடியில் போய்க் கிடக்கும். வென்ற பக்கம் கூச்சலிட்டு ஓயும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்து உப்பு. ஒரு பிள்ளை ஒரு கைப்பிடி போட வேண்டும், அடுத்தவர் குச்சியால் கரைக்க வேண்டும். எத்தனையாவது பிடியில் முட்டை எழும்பும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்லட்டும். அரும்பு நிலைப் பிள்ளைகள் விழும் பிடிகளை உரக்க எண்ணுவார்கள். மொட்டு நிலையினர் ஒவ்வொரு பிடிக்கும் பலகையில் ஒரு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். மலர் நிலையினர் யார் எந்த எண்ணைச் சொன்னார்கள் என்று பெயரோடு எழுதி, உண்மை எண்ணுக்கும் சொன்ன எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்ப்பார்கள். ஒரே வாளியைச் சுற்றி மூன்று நிலைப் பாடமும் நடந்துவிடும். ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல எழும்பி, அதன் முதுகு மட்டும் ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரியும். அவ்வேளையில் எவனாவது ஒருவன், “அவன் கை பெரிசு, அவன் போட்டது ரெண்டு பிடிக்குச் சமம்” என்று வழக்குக்கு வருவான். அந்த வழக்கை முடித்துவைத்துவிடாதீர்கள். அளப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பாத்திரம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அடுத்த வாரம் உழக்கையும் படியையும் கொண்டுவர வழி கிடைத்துவிட்டது.

முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். பதர் மேலே வரும், மணி அடியில் தங்கும். மிதந்ததில் ஒன்றும் மூழ்கியதில் ஒன்றுமாக ஒவ்வொருவரிடமும் கொடுத்து, நகத்தால் உமியைப் பிரிக்கச் சொல்லுங்கள். மிதந்ததற்குள் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டதும் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியில் உங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: “ஏன் மிதந்தது?” பதிலை நாமே சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு நம் ஆசிரியர் இனத்துக்கே உரியது, அதை அடக்குவதுதான் இந்தப் பாடத்தில் கடினமான பகுதி.

ஏழுக்கு வருகிறேன். பல்லாங்குழிப் பலகை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பதினான்கு குழிகள், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். நான்கு சேர்ந்ததை எண்ணாமலே கண்ணால் கண்டுகொள்ளும் பழக்கமும், குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்லும் ஒழுங்கும், எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்ற முன்யோசனையும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. வட்டத்துக்குள் கொட்டை வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே விளங்கும்: இங்கே தவறாக எண்ணினால் ஆட்டம் தோற்றுப்போகும், எதிரில் உட்கார்ந்திருப்பவள் விடமாட்டாள்.


பதில்: சீர்காழி வட்டத்து அங்கன்வாடிப் பணியாளர்

ஐயா கூறியதை ஏற்கிறேன். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்திருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் முதல் வகுப்பில் ஐந்து நிறைந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலாவது, பாதுகாப்பு. புளியங்கொட்டை, நெல், கடலை எல்லாம் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகக்கூடியவை. எத்தனை கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தன என்று எண்ணிப் பார்ப்பதையே செயல்பாட்டின் ஒரு பகுதியாக்கிவிடுங்கள். எண்ணிக்கைக்கு எண்ணிக்கையும் ஆயிற்று, நமக்கு நிம்மதியும் ஆயிற்று. பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைச் சிலர் தருவார்கள். அது வேண்டவே வேண்டாம். ஓடு உடைந்து வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு. அதேபோல வாய்க்கால், குளக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று கற்பிக்கும் ஆசை நம் பகுதி ஆசிரியர்கள் பலருக்கு உண்டு. மேட்டூர் திறந்து, கல்லணையைத் தாண்டித் தண்ணீர் கடைமடை வரை வந்திருக்கும் மாதங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளி வளாகத்து மண்ணில் சிறு வாய்க்கால் வெட்டி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, மண்ணை அணைத்து மதகு கட்டினாலே பிள்ளைகள் ஒரு காலை முழுவதும் அதில் ஆழ்ந்துபோவார்கள்.

இரண்டாவது, நேரம். இந்த வயதுக் குழந்தை பெரியவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்கும் நேரம் மிகக் குறைவு. தானே தேர்ந்தெடுத்த வேலையில் மூழ்கும் நேரமோ நம்மை வியக்கவைக்கும். களிமண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்த மணி அடிப்பது எனக்கே சில நாள் தெரியாது. கால அட்டவணைப்படி அதைப் பிடுங்கிவைத்துவிட்டு அடுத்த செயல்பாட்டுக்கு ஓடுகிறோமே, அங்கேதான் பாதி கற்றல் அறுந்துபோகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கேள்வி கேட்டபின் பொறுத்திருப்பது. “இது என்ன நிறம்?” போன்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வந்து பேச்சு நின்றுவிடும். “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், திக்கித் திணறியாவது முழு வாக்கியம் வரும். பேசாத பிள்ளை என்று நாம் முத்திரை குத்தியவர்களே அந்த இடைவெளியில் பேசுகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பள்ளியில் காலை உணவும் உண்டல்லவா? 2023 ஆகஸ்டில் அத்திட்டம் மாநிலம் முழுதும் விரிந்தது உங்களுக்கு அண்டை ஊரான திருக்குவளையில் இருந்துதான். தட்டுகளை எடுத்து வைக்கும் பொறுப்பைச் சுழற்சி முறையில் அரும்பு நிலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இன்று வந்தவர்கள் எத்தனை பேர், தட்டு எத்தனை வேண்டும், போதாவிட்டால் இன்னும் எத்தனை எடுத்து வர வேண்டும் என்பவை உண்மையான கணக்குகள். தட்டு குறைந்தால் பசித்த பிள்ளை ஒன்று எதிரில் நிற்கும்.


கேள்வியாளர்: வெட்டாற்றங்கரை ஆசிரியை

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. முட்டைச் செயல்பாட்டைச் சம்பாவுக்கு விதை ஊறவைக்கும் நாள்களில் செய்யப்போகிறேன். பிள்ளைகளின் வீடுகளில் அப்போது அதே வேலை நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனை வரை தனியார் நர்சரிப் பள்ளி வேன் ஒன்று வந்து போகிறது. அதில் செல்லும் பிள்ளைகள் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். என் பிள்ளைகள் கையில் களிமண்ணோடும் வாயில் பாட்டோடும் திரும்புகிறார்கள். “இன்னைக்கு என்ன எழுதிப் போட்டாங்க?” என்று கேட்கும் பெற்றோருக்குக் காட்ட நோட்டில் ஒன்றும் இருப்பதில்லை. அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது?


பதில்: பாபநாசத்திலிருந்து ஒரு தாய்

டீச்சருக்கு வணக்கம். நான் ஆசிரியை அல்ல. குத்தகைக்கு நிலம் பார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். பெரியவனை வேன் பள்ளிக்கு அனுப்பினோம், சின்னவள் ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆகவே இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் நோட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் புரிகிற ஒரே அத்தாட்சி அதுதான். விஜயதசமியன்று பிள்ளையைக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குத் தூக்கிச் சென்று, விரலைப் பிடித்து நெல்லில் ‘அ’ எழுதவைத்து வருகிறோம். அன்றிலிருந்தே படிப்பு என்றால் எழுத்து என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்கு வேறு சன்னல் இல்லை. நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டு மாலையில் வருகிற தாய், நோட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பிள்ளையின் நாளைத் தெரிந்துகொள்ள முடியும்.

சின்னவளின் ஆசிரியை செய்வதைச் சொல்கிறேன், உதவலாம். பிள்ளைகள் செய்துமுடித்த ஒன்றைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வார். அவர்கள் சொன்னபடியே, வீட்டுப் பேச்சாக இருந்தாலும், பலகையில் எழுதுவார். பிறகு அதைப் பிள்ளைகளே வாசிப்பார்கள். சின்ன வகுப்புக் குழந்தைகள் தம் வாக்கியத்தின் கீழே படம் வரைந்து, அதில் தெரிந்த ஓர் எழுத்தைச் சுற்றி வட்டமிடுவார்கள்; பெரியவர்கள் அதைப் புத்தகத் தமிழில் மாற்றி எழுதுவார்கள். என் மகள் ஒரு நாள், “எங்க அப்பா வரப்புல நண்டு வளைய மண்ணு போட்டு அடைச்சாங்க” என்ற வாக்கியத்தை நோட்டில் கொண்டுவந்தாள். அதை அவள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, வளையை ஏன் அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவனின் நோட்டைப் பற்றி எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசியதில்லை. ‘ஆப்பிள்’ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தால் அதில் பேச என்ன இருக்கிறது?

இன்னொன்று. பல்லாங்குழியும் தாயமும் எங்கள் மாமியாரிடம் கேட்டால் பகல் முழுக்கச் சொல்லித்தருவார். பெற்றோர் கூட்டத்துக்கு எங்களை அழைக்கிறீர்கள். பாட்டிகளை ஒரு நாள் ஆட்டத்துக்கு அழைத்துப் பாருங்கள். நோட்டைப் பற்றிய கேள்வியை அவர்களே வீட்டில் சமாளித்துவிடுவார்கள்.


பதில்: தஞ்சாவூர் ஆசிரியர் பயிற்றுநர்

இதுவரை எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்யாமல் விட்டால் இந்த உரையாடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் குழந்தை தானே கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பதர் ஏன் மிதக்கிறது என்பதைக் கண்டு, தொட்டு, யோசித்து அறியலாம். ‘கூ’ என்ற எழுத்தை ஏன் அப்படி எழுதுகிறோம் என்பதை எத்தனை நெல்மணியை உரித்தாலும் அறிய முடியாது. அது மனிதர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கு, தெரிந்தவர் சொல்லித்தான் ஆக வேண்டும். பொருள்களின் இயல்பு, அளவு, ஒப்பீடு ஆகியவற்றைச் செயல் வழியாகவும், எழுத்து, எண்ணுரு, குறியீடு ஆகியவற்றை நேரடியாகவும் ஒழுங்காகவும் கற்பிப்பது என்று பிரித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

தமிழில் 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய் என்பதைக் கேட்டு மலைக்கும் ஆசிரியர்கள், எல்லாவற்றையும் தனித்தனி வடிவங்களாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை எந்த மெய்யோடு சேர்ந்தாலும் மாறாதவை என்பதைக் கா, மா, பா; கெ, மெ, பெ என்று அடுத்தடுத்து வைத்துக் காட்டினால், மூன்று நான்கு மெய்களுக்குப் பின் பிள்ளைகளே மீதியை ஊகித்துவிடுவார்கள். ஐயா சொன்ன ‘முன்கூட்டியே சொல்’ என்ற முறை இங்கும் பொருந்துகிறது: “மா இப்படி இருந்தால் தா எப்படி இருக்கும்?” என்று கேட்டு, அவர்கள் எழுதிய பின் சரிபாருங்கள். உகர, ஊகார வரிசைகள் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் கு, சு, து, பு, மு என்று வெவ்வேறு வகையாகத் திரும்பும். அவற்றை ஊகிக்க விடாமல், பொறுமையாக, சிறு சிறு தொகுதிகளாகச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி தர வேண்டும். மூன்றாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால் பிழைகள் பெரும்பாலும் இந்த இரு வரிசைகளிலும், மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடுவதிலுமே இருக்கின்றன.

செயல்வழிக் கற்றல் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணியும், ஒவ்வொரு படிக்கும் உரிய அட்டைகளும், தரையில் உட்கார்ந்து எழுதும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகையும் பலருக்கு நினைவிருக்கும். குழந்தை தன் வேகத்தில் போகலாம், ஆசிரியர் தரையில் இறங்கி உட்கார வேண்டும் என்ற இரண்டும் அதன் பெரும்பேறு. ஆனால் அட்டையை முடித்து அடுத்த படிக்கு ஏறுவதே குறிக்கோளான வகுப்புகளில், பிள்ளைகள் தனித்தனியே அட்டையும் கையுமாக இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசுவதும், ஆசிரியர் ஒரு கருத்தை எல்லோருக்குமாக எடுத்துச் சொல்வதும் மெலிந்துபோயின. இன்றைய செயல்பாடுகளுக்கும் அந்த ஆபத்து உண்டு. செயலியில் பதிவேற்ற ஒரு படம் எடுத்தாயிற்று என்பதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது.

வயதுக்கு மீறிய எதிர்பார்ப்பும் வேண்டாம். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் நாணயங்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினால், ஐந்து வயதுக் குழந்தைகள் பலர் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விவரித்த இந்தச் சோதனையை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு உழக்குத் தண்ணீரை அகன்ற கிண்ணத்திலிருந்து ஒடுங்கிய உயரமான டம்ளருக்கு மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்று அடித்துச் சொல்வார்கள். விளக்கிச் சொல்வதால் மட்டும் அது மாறாது. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று ஊற்றி, மாற்றி, திரும்ப ஊற்றிப் பழகப் பழக, ஏழு வயதை ஒட்டித் தானே தெளியும். அதுவரை அந்தப் பதிலைத் தவறு என்று குறித்து மதிப்பெண்ணைக் குறைப்பதில் பயனில்லை.


பதில்: மன்னை ஓய்வாசிரியர்

பயிற்றுநர் கூறிய பிரிவினை சரியானது. எழுத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்றில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். எழுத்தைச் சொல்லித்தருவதற்கும் குழந்தைக்கு ஒரு தேவை முன்பே எழுந்திருக்க வேண்டும். பாபநாசத்து அம்மா எழுதிய நண்டு வளை வாக்கியத்தில் ‘ண்’ணும் ‘ட’வும் ‘ளை’யும் வருகின்றன. தன் அப்பாவைப் பற்றித் தான் சொன்னதை எழுத வேண்டும் என்று தவிக்கும் குழந்தைக்கு அந்த எழுத்துகளைக் கற்பிப்பதும், வரிசைப்படி அவை வரும் நாளில் கற்பிப்பதும் ஒன்றாகா. இரண்டையும் பின்னிக்கொள்வது ஆசிரியையின் கைத்திறம். அதற்குக் கால அட்டவணை போட்டுத்தர யாராலும் முடியாது.


கேள்வியாளர்: வெட்டாற்றங்கரை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. வாக்கியம் சொல்லி எழுதும் முறையை நாளையே தொடங்குகிறேன். பாட்டிகளை அழைப்பது பற்றித் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் உடன்பாடே. ஐயாவிடம் ஒரே ஓர் ஐயம்: உப்புத் தண்ணீரில் போட்ட நெல்லை அதன்பின் என்ன செய்வது? பிள்ளைகள் அதை அப்படியே விட்டுவிடமாட்டார்கள்.


பதில்: மன்னை ஓய்வாசிரியர்

அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். ஒரு நாள் ஊறவைத்து, நனைந்த சாக்கில் கட்டி இன்னொரு நாள் வைத்திருந்தால் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். உடைந்த சட்டியிலோ பழைய தட்டிலோ வண்டல் மண்ணைப் பரப்பித் தூவுங்கள். மிதந்ததையும் எறிந்துவிடாமல் அதேபோல அலசி, ஊறவைத்து, வேறொரு சட்டியில் தூவி, இரண்டிலும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவைத்துப் பெயரோடு எழுதி ஒட்டிவிடுங்கள். மிதந்தவற்றில் அரைகுறையாக மணி பிடித்தவை சில இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு முளைத்தும் விடலாம். “பதருன்னு சொன்னீங்களே டீச்சர்” என்று உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டாம். அந்த நாற்றையும் மற்றச் சட்டியின் நாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.